உட்கார்ந்த துப்பாக்கியும் எமர்ஜென்சி டப்பாவும்

ரிப்பேர்க்காரனிடம் வருகிற எந்தச் சாமானும் அதற்கு முன்னால் கெட்டிருந்ததே கிடையாது. அவன் கை பட்ட நிமிஷத்தில்தான் கெட்டுப்போகும். ரேடியோ, கடிகாரம், தையல் மெஷின், மோட்டார் பம்ப் என்று எதைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிறவராக இருந்தாலும் சரி, நீங்கள் இப்போது தலையாட்டியிருப்பீர்கள். நான் பிரித்து மாட்டியது துப்பாக்கி. உங்களுக்கு இல்லாத ஒரு பாக்கியம் எனக்கு உண்டு. என் வாடிக்கையாளர் கோபமாக வரும்போது கையில் துப்பாக்கியோடுதான் வருவார்.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போவோம். நானும் போனேன், துப்பாக்கி ரிப்பேர் கற்றேன், பென்ஷன் வாங்கினேன். வாங்கின கையோடு பம்பாய் ஏஜெண்ட் ஒருத்தரைப் பிடித்து அல் ஐன் வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. ஊருக்கு வெளியே, ஹஃபீத் மலை தெரிகிற பக்கம், மணலை ஒட்டி ஒரு காவல் படையின் கேம்ப். தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப், ஒரு மேஜை, ஒரு பட்டறைப் பிடிப்பான், நான். எல்லாருக்கும் நான் 'மாஸ்டர்'. பேர் பெத்த பேர்தான், காற்றாடிகூடக் கிடையாது.

எண்ணெய்க் குளியல்

கேம்பில் காவலர்கள் எல்லாரும் பாலைவனத்து நாடோடிகளான பதூக்கள், இல்லை எல்லையைத் தாண்டி வந்த ஓமான்காரர்கள். துப்பாக்கியைப் பெற்ற பிள்ளையாக வைத்திருப்பார்கள். தொல்லையே அங்கேதான் ஆரம்பம். காலையில் எண்ணெய், மாலையில் எண்ணெய், டியூட்டிக்குப் போகும் முன் ஒரு கை, வந்த பின் ஒரு கை. நம் வீட்டில் பிள்ளைக்குத் தீபாவளிக்கு ஒரு நாள்தான் எண்ணெய்க் குளியல், அங்கே துப்பாக்கிக்குத் தினமும் தீபாவளி.

எண்ணெய் நல்லதுதானே என்பீர்கள். ஊரில் நல்லது. இங்கே கதவைத் திறந்தால் மாவு மாதிரி மணல் பறக்கும். எண்ணெய் சொட்டும் இரும்பில் அது போய் ஒட்டினால், உள்ளே இருப்பதையெல்லாம் அம்மியில் வைத்த மாதிரி அரைத்துவிடும். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. ஹிந்தியில் சொன்னேன், தெரிந்த நாலு அரபி வார்த்தையில் சொன்னேன், கையைக் காலை ஆட்டியும் சொன்னேன். 'ஜியாதா தேல் மாஃபி', அதிக எண்ணெய் கூடாது என்று ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கத்தியிருக்கிறேன்.

இதில் முதல் குற்றவாளி சயீத். தாடி பாதி நரைத்த ஓமான்காரர், கேம்பிலேயே குறி தவறாத ஆள். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். என்னிடம் ஹிந்தியில் நன்றாகப் பேசுவார். அவர் துப்பாக்கியை ஒரு நாள் தலைகீழாகப் பிடித்தேன், மேஜையில் எண்ணெய் ஊற்றியது. "சயீத் பாய், இதில் வடை சுடலாம்" என்று திட்டினேன். வடை என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சமும் அசராமல் அவர் சொன்னது: "நெய் இல்லாத சோறும் எண்ணெய் இல்லாத துப்பாக்கியும் வீட்டுக்காரனுக்கு அவமானம், மாஸ்டர்."

நிற்கிறதா, உட்காருகிறதா

அந்தக் கேம்பில் இருந்தது அமெரிக்க மாடல் ரைஃபிள். ஒரு அமுக்குக்கு ஒரு தோட்டா. அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். எப்படி ஏற்றிக்கொள்கிறது? வெடித்த தோட்டாவின் புகையில் கொஞ்சம் ஒரு குழாய் வழியாகப் பின்னால் வந்து, உள்ளே இருக்கும் இரும்பு வண்டியை நெட்டித் தள்ளும். வண்டி பின்னால் ஓடும்போது காலி ஓட்டைத் துப்பிவிட்டு, திரும்பி வரும்போது புதுசை இழுத்து வரும். அந்தப் புகை ஒழுகாமல் பிடித்துக்கொள்ள மூன்று வளையம். கேஸ் ரிங் என்போம். வெட்டின நகம் அளவுக்கு மெல்லிசு. மோட்டார் சைக்கிளில் பிஸ்டன் ரிங் தேய்ந்தால் வண்டி இழுக்காது இல்லையா, அதே கதைதான். வளையம் தேய்ந்தால் வண்டி பாதி தூரம் போய் மூச்சு வாங்கி நிற்கும்; காலி ஓடு வாயில் மாட்டிக்கொள்ளும்.

குறி பார்த்துச் சுடும் பரீட்சை வைக்கிற ரேஞ்சில் சயீத்துக்கு அப்படி மாட்டியது. ஒரு தடவை இல்லை, இரண்டு பரீட்சையிலும். சுட்டு முடிப்பதற்கு முன்னால் துப்பாக்கி நின்றுபோனால் அந்த ஆள் ஃபெயில். மூன்றாவது பரீட்சையிலும் ஃபெயில் ஆனால் வேலை போய்விடும், கலாஸ், அவ்வளவுதான். அதுதான் கேம்ப் சட்டம். வயசான காலத்தில் சயீத் எல்லை தாண்டிப் போய் ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

துப்பாக்கி என்னிடம் வந்தது. மேகசினை மாற்றிப் பார்த்தேன், நின்றது. வேறு பெட்டித் தோட்டா போட்டேன், நின்றது. மேலே இருக்கும் திருகு ஆடுகிறதா என்று பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. எண்ணெய்ச் சேற்றை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன், அப்படியும் நின்றது. கடைசியாக, இந்த மாடலுக்கென்றே உள்ள சோதனை. வண்டியைக் கழற்றி எடுத்து, அதன் தலையை வெளியே இழுத்து, தலைகீழாக மேஜையில் நிற்க வைக்க வேண்டும். வளையம் நன்றாக இருந்தால் வண்டி தலைமேல் விறைப்பாக நிற்கும். தேய்ந்திருந்தால் தன் பாரத்தைத் தானே தாங்காமல் மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். சயீத்தின் வண்டி கையை எடுத்த உடனே பொத்தென்று உட்கார்ந்தது. அதிகம் சுட்டவரும் அவர், அதிகம் எண்ணெய் போட்டவரும் அவர், தேயாமல் என்ன செய்யும்! மற்றவர்களுடையதிலும் சிலது அப்படி உட்கார ஆரம்பித்திருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு காப்டனிடம் போனேன். வேறொரு அரபு நாட்டின் பெரிய நகரத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர் அவர். சலவை மடிப்புக் கலையாத ஆள், கேம்பிலேயே ஏ.சி. அவர் அறைக்கு மட்டும்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கேட்காத கேம்ப் என்று தலைமையகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காக உயிரையும் கொடுப்பார், எங்கள் உயிரை. அவர் மேஜையிலேயே நிற்க வைத்துக் காட்டினேன், உட்கார்ந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இங்கிலீஷில் சொன்னார்: "துப்பாக்கி உட்காரவில்லை மாஸ்டர், அதைத் துடைக்க வேண்டிய கிழவன்தான் உட்கார்ந்துவிட்டான்."

எமர்ஜென்சி டப்பா

ரிங் கேம்பில் இல்லாமல் இல்லை. ஸ்டோரில் ஒரு சின்னத் தகர டப்பா நிறைய இருந்தது. கேம்பில் உள்ள எல்லாத் துப்பாக்கிக்கும் போட்டது போக மிச்சமே வரும். அந்த டப்பாவுக்குக் காவல் வர்கீஸ். திருச்சூர்க்காரன், நல்ல பையன், ஓணத்துக்குப் பாயசம் எல்லாம் கொண்டு வந்து கொடுப்பான். ஆனால் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் தகப்பனுக்கும் ஒரு ஆணி தரமாட்டான்.

"வர்கீஸு, ஒரே ஒரு துப்பாக்கிக்கு மட்டும் கொடுப்பா. ஒரு மனுஷன் வேலை போகப் போகுது" என்றேன். டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்த ரிங்குகளை எனக்குக் காட்டிவிட்டு மறுபடி மூடினான். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் நகையைக் காட்டுவார்களே, அது மாதிரி. காப்டன் கையெழுத்து இல்லாமல் எடுக்கக்கூடாதாம். காப்டன் எப்போது கையெழுத்துப் போடுவார்? எமர்ஜென்சி வந்தால் போடுவார். துப்பாக்கி சுடாமல் நிற்பதைவிடக் காவல் படைக்கு வேறென்ன எமர்ஜென்சி இருக்கிறது? ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன்.

எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு கிளாஸ் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னான்: "மாஸ்டரே, இதை எடுத்து உங்களுக்குத் தந்நால், பின்னே எமர்ஜென்சி வரும்போ ஸ்டோர்ல சாதனம் இருக்காதே!"

குக்கர் டாக்டர்

ரூமில் என்னோடு இருந்தவர் கேம்ப் சமையல்காரர் பரமசிவம், ராமநாதபுரத்துக்காரர். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் தட்டைத் தள்ளியதைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். துப்பாக்கி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; பக்கத்தில் வைத்தாலே தள்ளி உட்காருவார். வளையம், புகை, ஒழுகல் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவர், எழுந்து போய் பிரஷர் குக்கர் மூடியைக் கொண்டு வந்தார். உள்ளே இருந்த ரப்பர் கேஸ்கெட்டை விரலால் தட்டினார். இதுதானே என்றார். அதேதான் என்றேன்.

வாத்தியார் வைத்துப் பாடம் எடுத்தாலும் இவ்வளவு சீக்கிரம் விளங்காது. ஆனால் விளங்கியதும் அவருக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது. கரண்டியை ஓங்கிக்கொண்டு காப்டன் அறை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டேன். அவர் கேட்டது இது: "குக்கர் விசில் அடிக்கலைன்னா நான் அரிசியையாண்ணே வையுறேன்? கேஸ்கெட்டத்தானே பாக்குறேன்!"

இவன் பல் அவனுக்கு

மூன்றாவது பரீட்சை நெருங்கியது. பக்கத்துக் கேம்ப் ஆட்களும் பார்க்க வருவதாகப் பேச்சு. காப்டனுக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். குறி தவறாத ஆள் என்று சயீத்தைப் பற்றி வெளியிலும் பெயர் உண்டே. என்னைக் கூப்பிட்டு விட்டார். ஒரு வழி சொன்னார். அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் வேறு யாருடைய துப்பாக்கியிலிருந்தாவது ரிங்கைக் கழற்றி சயீத்துக்குப் போடு, பரீட்சை முடிந்ததும் மாற்றிக்கொள், யல்லா, கிளம்பு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்டில் தனியாக நிற்கிறவன் துப்பாக்கியை நொண்டியாக்கிவிட்டு ரேஞ்சில் கைதட்டல் வாங்குவதா? இவன் பல்லைப் பிடுங்கி அவனுக்குக் கட்டுகிற வைத்தியம் எனக்குத் தெரியாது, முடியாது சார் என்றேன். முடியாது என்றால் என்ன அர்த்தம் என்றார். மாட்டேன் சார் என்றேன். தனக்குப் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். கேம்பில் வேலை பார்க்கிற எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அதில்தான் இருந்தது. என்னுடையதும்தான்.

பயம் இல்லையா என்றால், இருந்தது. ஊரில் என் மனைவி லீவில் நான் வருவேன் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் வாய் என் சொல் பேச்சைக் கேட்கிற வாய் இல்லை. "இருக்கட்டும் சார், பாஸ்போர்ட் பத்திரமா இருக்கட்டும். நீங்க ரிங் மட்டும் கொடுங்க" என்றது. அந்த நிமிஷமே என் லீவு நிறுத்தி வைக்கப்பட்டது. கதவைத் திறந்து வெளியே வரும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது: "இந்தக் கேம்பில் மாட்டேன் என்று சொல்கிற உரிமை எனக்கு ஒருத்தனுக்குத்தான்!"

பொட்டும் புகையும்

நடுவில் ஆயுத பூஜை வந்தது. லீவு போனால் போகட்டும், பூஜையை விடுவேனா? மேஜையைக் கழுவி, சுத்தியல், ஸ்பேனர், அரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பரமசிவம் துபாய்க்கு யாரிடமோ சொல்லியனுப்பிப் பொரியும் கடலையும் வரவழைத்திருந்தார். உட்கார்ந்துபோன சயீத்தின் துப்பாக்கி என் மேஜையில்தான் கிடந்தது. அதற்கும் ஒரு பொட்டு. ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை விட்டுவிட்டு அரத்துக்கு வைத்தால் சாமி சிரிக்காதா?

சயீத் வந்து பார்த்தார். தன் துப்பாக்கியில் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் முகம் மாறியது. கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். "வருஷத்துக்கு ஒரு நாள் நாங்கள் வேலை செய்கிற சாமானுக்கு மரியாதை செய்வோம்" என்று விளக்கினேன். விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் தூபக்கால், அதில் ஊது என்கிற அகில் கட்டை புகைந்துகொண்டிருந்தது. விருந்தாளிக்குக் காட்டுகிற அந்த வாசனைப் புகையைத் துப்பாக்கிக்கும் காட்டினார், எனக்கும் காட்டினார், பொரி தின்றுகொண்டிருந்த பரமசிவத்துக்கும் காட்டினார். ஒர்க்‌ஷாப்பே மணத்தது.

அப்புறம் என்னைப் பார்த்து, நிற்க வை என்று கண்ணால் சொன்னார். நிற்க வைத்தேன். பொத்தென்று உட்கார்ந்தது. சயீத் ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்: "உன் பொட்டையும் என் புகையையும் பார்த்த பிறகும் உட்காருகிறது என்றால், மாஸ்டர், இதற்கு நிஜமாகவே ரிங்தான் வேணும்."

காப்பி விரிப்பு

பரீட்சை நாள். ரேஞ்ச் ஒரு காய்ந்த ஓடையில். சுடுவதற்கு முன்னால் விரிப்பு விரித்து, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, காப்பியும் பேரீச்சம்பழமும். பதூக்களிடம் அந்த விரிப்பு சாதாரண இடம் இல்லை. அங்கே நாலு பேர் கேட்கச் சொன்ன சொல் சொன்னதுதான். எழுந்து மணலைத் தட்டும்போது சொல்லையும் தட்டிவிட்டுப் போக முடியாது. கல்யாணமே அந்த மாதிரி விரிப்பில் பேசி முடிப்பார்கள். பக்கத்துக் கேம்ப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

காப்டன் தன் துப்பாக்கியோடு வந்திருந்தார். அவர் அறைச் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற துப்பாக்கி. வந்த நாளிலிருந்து ஒரு தோட்டா சுட்டதில்லை, புது மாப்பிள்ளைக் கோலம். துப்பாக்கியைப் பேணுவது எப்படி என்று பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே சயீத்தைப் பார்த்தார். வளையம் தேய்ந்தது, கிளையம் தேய்ந்தது என்று சோம்பேறிகள் சாக்குச் சொல்வார்கள் என்றார். என்னைக் கூப்பிட்டு, தன்னுடையதை நிற்க வைத்துக் காட்டச் சொன்னார்.

காட்டினேன். அதன் வண்டி காப்பித் தட்டின் மேல் தூண் மாதிரி நின்றது. காப்டன் முகம் மலர்ந்தது. அப்புறம் யாரும் கேட்காமலே சயீத்தினுடையதையும் பக்கத்தில் வைத்தேன். அது உட்கார்ந்தது. பார்த்தீர்களா, கவனிப்பு என்றார் காப்டன். எனக்கு அதற்கு மேல் வாய் சும்மா இருக்குமா? எல்லாருக்கும் புரிகிற ஹிந்தியில் சத்தமாகச் சொன்னேன். "சரி சார், கவனிப்புதான் காரணம்னா இன்னிக்கு உங்க துப்பாக்கியை சயீத் பாய் சுடட்டும். ஆளு சோம்பேறியா, வளையம் சோம்பேறியான்னு தெரிஞ்சு போகும்."

வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பெரியவர்கள் எல்லாரும் காப்டனைப் பார்த்தார்கள். பின்வாங்கினால் கஞ்சன் என்பார்கள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. பட்டணத்து ஆள் இல்லையா, தாராளமாகச் சிரித்துக்கொண்டு, துப்பாக்கியை வலது கையால் எடுத்து சயீத்திடம் நீட்டி, அந்த விரிப்பில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்: "எடுத்துக்கொள் சயீத், இது உன்னுடையது என்றே வைத்துக்கொள்!"

கொடுத்த கை

சயீத் சுட்டார். ஒரு தோட்டா நிற்கவில்லை, ஒரு ஓடு மாட்டவில்லை. காலி ஓடுகள் பொரி மாதிரி வலது பக்கம் போய் விழுந்துகொண்டே இருந்தன. கடைசித் தோட்டா முடிந்ததும் வண்டி பின்னால் போய், வாயைத் திறந்தபடி கம்பீரமாக நின்றது. குறி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரே ஓட்டையாகக் கிழிந்திருந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி விசில் அடித்தேன். பரமசிவம் சுலைமானி டீ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். சயீத்தின் வேலை தப்பித்தது.

காப்டனும் கைதட்டினார், இல்லை என்று சொல்லவில்லை. தட்டி முடித்த கையைத் துப்பாக்கிக்காக நீட்டினார். சயீத் நகரவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் பழைய துப்பாக்கியை மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்து காப்டனிடம் நீட்டினார். காப்டனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். விரிப்பில் இருந்த பெரியவர்களில் ஒருத்தர்கூடக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு துப்பாக்கியும் படைக்குச் சொந்தம்தான். யாரிடம் எது இருக்க வேண்டும் என்பது காப்டன் வாய்ச்சொல். வாய்தான் சொல்லிவிட்டதே!

சயீத்துக்குக் குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. விருந்தாளியை வழியனுப்புகிற பணிவோடுதான் சொன்னார்: "காப்பி ஆறுவதற்குள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் நீங்கள் இல்லை என்று நான் இவர்களிடம் சொல்லிவிட்டேன், காப்டன்."

எமர்ஜென்சி

மறுநாள் காலையில் சயீத்தின் பழைய துப்பாக்கி என் மேஜைக்கு வந்தது. ஆனால் இப்போது அது சயீத்தினுடையது இல்லை. சாயங்காலத்துக்குள் சரியாக வேண்டும் என்று காப்டன் அறையிலிருந்து தாக்கல். நிற்க வைத்தேன், உட்கார்ந்தது. நான் அதை அப்படியே திருப்பி அனுப்பினேன். கூடவே பதிலும் சொல்லி அனுப்பினேன்: 'துப்பாக்கிக்கு ஒன்றும் இல்லை சார், நன்றாகத் துடைத்துப் பாருங்கள்.' பாஸ்போர்ட் அங்கேதான் இருந்தது, லீவும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

டீ குடித்துவிட்டு கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். மணலில் செருப்புச் சிக்க, வேர்க்க விறுவிறுக்க வர்கீஸ் ஓடி வருகிறான். ஒரு கையில் நான் திருப்பி அனுப்பிய துப்பாக்கி, ஒரு கையில் ரிங் டப்பா. ஜன்னலுக்கு வெளியே அந்த டப்பாவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பறிக்காத குறையாக வாங்கி, ஒர்க்‌ஷாப் கதவைத் தாழ் போட்டேன். உட்கார்ந்து போயிருந்த எல்லாத் துப்பாக்கியையும் வரிசையாக வைத்தேன். முள் மாதிரி ஒரு ஊசியால் பழைய வளையத்தைக் கிளப்பிச் சுற்றி எடுக்க வேண்டும், புதுசை ஒன்றொன்றாகச் சுற்றி உள்ளே நுழைக்க வேண்டும், அவசரப்பட்டால் வளைந்துவிடும். நான் அவசரப்படுகிற ஆளா? கேட்டில் நிற்கிறவர்களுடையது முதலில், ரோந்து போகிறவர்களுடையது அடுத்து, காப்டன் சுவரில் தொங்கப் போவது கடைசியில். ஒவ்வொன்றும் தலைமேல் விறைப்பாக நின்றது. நின்றதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

காப்டனுடையதை முதலில் எடுக்கச் சொல்லி வர்கீஸ் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். "வரிசைப்படிதான் வரும், அவசரம் கிடையாது, மாஃபி ஜல்தி" என்று உள்ளேயிருந்து கத்தினேன். இத்தனை நாள் தராத சாமானை இன்றைக்கு யார் கேட்டதும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய் என்றும் கேட்டேன். தட்டுவது நின்றது. கதவு இடுக்கில் வாயை வைத்து, உண்மையாகவே பதறிப்போன குரலில் அவன் சொன்னான்: "எமர்ஜென்சி வந்துபோயி மாஸ்டரே, எமர்ஜென்சி! காப்டன்டெ துப்பாக்கியாக்கும் உட்கார்ந்நது!"

ஆகவே, தேய்ந்துபோன சாமானை வைத்துக்கொண்டு ஸ்பேருக்குக் கெஞ்சி நிற்கிற என் ஜாதி ரிப்பேர்க்காரர்களே, கெஞ்சுவதை விட்டுவிட்டு அந்தச் சாமானை எப்படியாவது மேலதிகாரி தலையில் கட்டிவிடுங்கள், மிச்சத்தை ஸ்டோரே ஓடி வந்து பார்த்துக்கொள்ளும்.